வயசு குறைஞ்ச பலாப்பலகை

ஏழு ஏரி தாண்டி ஒரு ஊரு, அந்த ஊருல ஒரு ராஜா இருந்தாராம். அவரு மகளுக்குப் பிடில் வாசிக்க ஆசை வந்துருச்சு. ராஜா என்ன பண்ணாரு, வீணை செய்யற கொம்பையா ஆசாரியைக் கூப்பிட்டு, "எங்க தாத்தா அறுத்துப் போட்ட பலாப்பலகை அறுபது வருஷமா அரண்மனையில மரம் அடுக்கற கிட்டங்கியில காயுது. அதுல ஒரு பிடில் செஞ்சு கொடு. நாதம் வராட்டி ஊரை விட்டுப் போயிரணும்"னாராம்.

கிட்டங்கிக்காரன் சடையாண்டி ஒரு பலகை கொடுத்தான். புகை ஏறிப்போய், பார்க்க நூறு வயசுப் பலகையாட்டம் இருந்துச்சு. ஆசாரி தூக்கினாரு, கனக்குது. 'காஞ்ச மரம் இப்படிக் கனக்குமா? நமக்குத்தான் வயசாயிருச்சு'ன்னு நினைச்சுக்கிட்டு, வீட்டுக்குக் கொண்டாந்து இழைச்சு வச்சாரு. நாலு நாள்ல அது அப்பளமா வளைஞ்சுபோச்சு.

அப்புறம் ரெண்டாவது பலகை. தட்டினா 'தொம்'முங்குது. 'காது அடைச்சுக்கிச்சு போல'ன்னு எண்ணெய் ஊத்திக்கிட்டு இழைச்சாரு. அதுவும் வளைஞ்சுபோச்சு.

அப்புறம் மூணாவது. அதுவும் வளைஞ்சதும் ஆசாரி உளியைக் கீழ வச்சுட்டாரு. "சொர்ணம், நான் கத்துக்கிட்ட வேலையே தப்பா? காஞ்ச மரம் வளையாதுன்னுல்ல எங்கப்பா சொன்னாரு"ன்னு பொண்டாட்டிகிட்ட கேட்டாரு.

அவ சோத்தைப் போட வந்தவ அவரு கையைப் பார்த்தா. "ஏங்க, கையில என்ன இப்படிப் பிசுபிசுன்னு பால் ஒட்டியிருக்கு? அறுபது வருஷம் காஞ்ச பலாவுல பால் இருக்குமா?"

நீங்களே சொல்லுங்க, இருக்குமா?

ஆசாரி சோத்தைத் தொடாம அரண்மனைக்கு ஓடினாரு. "ராஜா, எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்க மரத்துக்கு வருஷா வருஷம் வயசு குறையுது."

ராஜாவுக்கும் விளங்கல, மந்திரிக்கும் விளங்கல. சடையாண்டி மட்டும், "பலகை ஒண்ணுகூடக் குறையல, எல்லாம் அப்படியே இருக்கு"ன்னான்.

"அப்ப காஞ்ச பலகை எங்கதான் இருக்குன்னு, ஊருல இருக்கற பலாப்பலகை எல்லாத்தையும் தட்டிப் பார்க்க விடுங்க ராஜா"ன்னாரு ஆசாரி. சரின்னு ராஜாவும் கூடவே கிளம்பிட்டாரு. ஒரு வீட்டுல தட்டினா 'தொம்'மு, அடுத்த வீட்டுல தட்டினா 'தொம்'மு, அப்புறம் சடையாண்டி வீட்டுக்கு வந்தாங்க. கூடத்துல பெரிய ஊஞ்சல், அதுல அவன் பொண்டாட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. அவளை எழுந்திரிக்கச் சொல்லிட்டு ஆசாரி தட்டினாரு. 'கணீர்'னுச்சு.

"நல்ல பலகை இல்ல? எங்க வீட்டுக்காரரு அரண்மனையில இருந்து கொண்டாந்தது"ன்னா அவ, பெருமையா.

சடையாண்டி காலுல விழுந்துட்டான். பழைய பலகையெல்லாம் கட்டிலாவும் கதவாவும் அவன் வீட்டுல இருந்துச்சு. கிட்டங்கியில இருந்தது முழுக்க அவன் புகை போட்டு அடுக்கின பச்சைப் பலகை.

ஊஞ்சலைக் கழட்டினாங்க, அது பிடிலாச்சு. ராஜா மக வில்லை இழுத்ததும் ஆசாரி காதைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு. கண்ணுல தண்ணி நின்னுச்சு.

ராஜா சடையாண்டியைப் பார்த்துச் சொன்னாரு: "உன் பச்சைப் பலகை காயட்டும். அறுபது வருஷமானாலும் தினம் நீயே திருப்பிப் போடு."

அவன் அங்க திருப்பிப் போட்டுக்கிட்டே கிடக்கான், நாம இங்க திரும்பிப் படுத்துக்குவோம்.