லாரிக்காரர் காட்டிய கை

“யார் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கறதுன்னே தெரியலை, மேடம்.”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி புலம்பினார் தணிகாசலம். தாலுகா ஆபீஸில் வேலை. வயது ஐம்பத்தாறு.

பக்கத்து சீட்டில் இருந்த மெஹருன்னிசாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனால் கோத்தகிரியில் பாதிப் பேர் மெஹருன்னிசாவிடம்தான் கார் ஓட்டப் படித்தவர்கள்.

தணிகாசலமே தொடர்ந்தார்.

“என் மச்சான் பெரிய வண்டியா வாங்குங்கறார். ஆபீஸ்ல கூட இருக்கறவர் சின்னதே போதும்ங்கறார். ஷோரூம்ல கேட்டா, இப்போ எல்லாரும் உயரமான வண்டிதான் எடுக்கறாங்களாம். வீடியோ வேற ராத்திரி பகலா பார்த்தாச்சு. ஒருத்தன் நல்லதுங்கறதை இன்னொருத்தன் குப்பைங்கறான். அஞ்சு மணிக்குள்ள ஷோரூமுக்குப் பதில் சொல்லணும். விட்டா அடுத்த வண்டிக்கு ரெண்டு மாசம் ஆகும்.”

ரெண்டு மாசம் காத்திருக்க முடியாது. தை மாதம் அவர் மனைவி வேதவல்லிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரம் மூன்று நாள் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் கூட்டிப் போய்க் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இந்த மாதங்களைத் தவறவிட்டால் பிறகு நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டில் துணைக்கு ஆள் இல்லாததால் அன்று வேதவல்லியும் வந்திருந்தாள். பின் சீட்டில், ஜன்னல் ஓரம்.

“நீங்களே சொல்லுங்க மேடம். எதை வாங்கட்டும்?”

“ரோட்டைப் பாருங்க சார்.”

மலைப்பாதை இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் காய்கறி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போனது. பின்னால் வந்த ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது.

லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, முன்னே போகச் சொல்லி ஆட்டினார்.

பின்னால் ஜீப் மறுபடி அலறியது.

“போ... போகா...” என்றாள் வேதவல்லி. நோய் வந்ததிலிருந்து அவள் நாக்கு குழறும்.

“இரும்மா, தோ போறேன்” என்றபடி தணிகாசலம் வலப்பக்கம் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

லாரியின் பாதி நீளம் தாண்டியிருப்பார். வளைவிலிருந்து பஸ் முளைத்தது.

அவர் கால் மரத்துப்போனது. மெஹருன்னிசாவின் கால் மரக்கவில்லை. பயிற்சி வண்டியில் தன் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் ஒடித்தார். வண்டி லாரியின் வாலுக்குப் பின்னால் சறுக்கி நின்றது. பஸ் ஒரு சாண் இடைவெளியில் சீறிக்கொண்டு மேலே போனது.

ஜீப் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. லாரியும் வளைவில் மறைந்தது.

இஞ்ஜின் அணைந்திருந்தது. தேயிலைச் சரிவில் காற்று மட்டும்.

“அவர்தான் போகச் சொல்லிக் கை காட்டினார்” என்றார் தணிகாசலம்.

“எங்கே அவர்?” என்றார் மெஹருன்னிசா.

தணிகாசலம் காலி ரோட்டைப் பார்த்தார்.

“ஜீப்காரனும் ஹாரன் அடிச்சிக்கிட்டே...”

“அவன் எங்கே?”

அவர் வளைவை எட்டிப் பார்த்தார்.

“இந்த வண்டிக்குள்ள இருந்து ஒருத்தர் சொன்னாங்களே, அது காதுல விழுந்ததா சார்?”

“போன்னு சொன்னா.”

“முழுசாக் கேட்டீங்களா?”

தணிகாசலம் திரும்பினார். வேதவல்லி கதவின் பிடியை ஒற்றைக் கையால் கெட்டியாகப் பற்றியிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கீழ் வளைவுகள் அத்தனையும் விரித்துப் போட்ட மாதிரி தெரிந்தன. ஏறி வரும் எந்த வண்டியும் அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தப்பாது.

“போகா...தீங்க” என்றாள் அவள். இந்த முறை அவர் கடைசி எழுத்துவரை காத்திருந்தார்.

அவர் இறங்கினார். பின்கதவைத் திறந்து ரோட்டோரத்திலேயே குந்தி உட்கார்ந்தார். மச்சானிடம் நாலு முறை கேட்டாயிற்று. முகம் தெரியாத ஆட்களிடமெல்லாம் கேட்டாயிற்று.

“வேதா, உனக்கு எந்த மாதிரி வண்டி வேணும்?”

வேதவல்லி அவரையே பார்த்தாள். உதடு கோணியது. வார்த்தையைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது. ஷோரூமிலிருந்து போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை.

“உய...ரம் வேண்டாம்” என்றாள். “நானே... ஏற...ணும்.”