தண்டுக்கு முன்னால் யார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அளக்கரை நாட்டை அதிவீரசிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டான். பெயரில் மட்டும்தான் சிங்கம். காலையில் ஒன்று சொல்வான், மதியச் சாப்பாட்டுக்குள் அதை மாற்றிவிடுவான். யாராவது புகழ்ந்து பேசினால் அதை மட்டும் அப்படியே நம்புவான்.

அந்த நாட்டில் விளைவது உப்பு ஒன்றுதான். அந்த வருஷம் கடற்கரை மேட்டில் நாற்பது குவியல் கிடந்தது. ஐப்பசி மழைக்குள் கப்பலேற்றாவிட்டால் எல்லாம் கரைந்துவிடும், உப்பள ஜனங்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ராஜாவிடம் கப்பல் இல்லை. கப்பல்காரர் யாரையாவது கூட்டுச் சேர்த்தாக வேண்டும்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குபேரநம்பி, பளபளக்கும் பன்னிரண்டு கப்பல்களுக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் பேச்சியம்மை. ஐந்தே கப்பல், பாயெல்லாம் ஒட்டு.

அரண்மனை அதிகாரி மகுடநாதர் எழுந்தார். நம்பி கொடுத்த பட்டுச் சால்வை அப்போதே அவர் தோளில் கிடந்தது.

"மன்னா, நம்பியின் கப்பல்கள் அன்னங்கள்! இந்த அம்மாள் கப்பலில் ஒட்டுப் போடாத இடத்தைத் தேடத்தான் வேண்டும்."

"கிழிஞ்சதைத் தச்சுத்தானே வச்சிருக்கேன்? கிழிசலோடயா வந்து நிக்கிறேன்?" என்றாள் பேச்சியம்மை.

அமைச்சர் நாகனார் மெதுவாகச் சொன்னார்: "மன்னா, உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டுச் சேருகிறவர்கள் முதலில் ஒரு பொதியைத் தண்டில் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் வைத்து, மேட்டிலிருந்து துறைக்கு இறக்குவார்கள். அதற்குப் பிறகுதான் முத்திரை."

"மன்னரைச் சுமை தூக்கச் சொல்வதா!" என்று மகுடநாதர் குதித்தார். அமைச்சர் பதவி மேல் அவருக்குப் பத்து வருஷமாகக் கண்.

"ஏன், என் தோளால் முடியாதா?" என்றான் ராஜா. அவ்வளவுதான், கிளம்பிவிட்டான்.

முதலில் நம்பி.

"மன்னர் முன்னால் நிற்க வேண்டும். தங்களுக்கு முன்னே நடக்க அடியேன் யார்?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. வலது தோளில் தண்டை வைத்து முன்னால் நடந்தான். "என்ன நடை! என்ன கம்பீரம்!" என்று நம்பி துறை வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

அடுத்து பேச்சியம்மை. "நீங்க பின்னால நில்லுங்க ராசா. வலது தோள் செவந்து கெடக்கு, எடது தோளுக்கு மாத்துங்க."

"எனக்கு முன்னால் நீயா?"

"ஆமா. என் அடிக்கு அடி வைங்க. குதிக்காதீங்க, பொதி ஆடுது!"

சபை கூடியதும் மகுடநாதர் கத்தினார்: "மன்னருக்கு முதுகைக் காட்டி நடந்தாள்! அதட்டவும் செய்தாள்!"

"நம்பிதான் என் கூட்டாளி," என்று ராஜா சொல்லிவிட்டான். "அந்த அம்மாளுக்கு வாய் நீளம்."

நாகனார் ஒப்பந்த ஓலையை விரித்து முத்திரையை நீட்டினார். ராஜா வலது கையைத் தூக்கினான்.

"ஆ!"

கை பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கையைத் தூக்கிப் பார்த்தான். சுலபமாக வந்தது.

"அமைச்சரே, இரண்டு தடவையும் அதே பொதிதானே?"

"அதே பொதிதான் மன்னா. முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை."

"பிறகு ஏன் இந்தத் தோள் மட்டும்?"

"இறக்கத்தில் பாரம் முன்னால் நிற்பவர் மேல் சரியும். நம்பி தங்களை மரியாதையாக முன்னால் நிறுத்தினார்."

ராஜா பேச்சியம்மையைப் பார்த்தான். "உனக்கு இது தெரியுமா?"

"உப்புச் சொமக்கிற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது ராசா."

 ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் தோள் வலி அதைவிடப் பெரிசாக இருந்தது.

"ஐந்து கப்பல் போதுமா?"

"இன்னைக்கே ஏத்தினா போதும். இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தா போதாது."

ராஜா இடது கையாலேயே அவளுடைய ஓலையில் முத்திரை குத்தினான். தன் மோதிரத்தைக் கழற்றி நாகனாரிடம் கொடுத்தான். பிறகு மகுடநாதர் பக்கம் திரும்பினான்.

"முப்பத்தொன்பது குவியலை இந்த அம்மாள் ஏற்றட்டும். நாற்பதாவதை நீரும் நம்பியும் தண்டில் சுமந்து இறக்குங்கள். அந்தச் சால்வையைச் சும்மாடாக வைத்துக்கொள்ளும்."

முப்பத்தொன்பது குவியலும் மழைக்கு முன்னால் கடலேறின. உப்பளத்தில் எல்லா வீட்டிலும் உலை கொதித்தது.

மேட்டில் மட்டும் இரண்டு பேர் தண்டும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"நீங்கள் பெரியவர், முன்னால் போங்கள்."

"சேச்சே, உங்களுக்கு முன்னால் நடக்க நான் யார்?"

"இல்லை, நீங்களே..."

நாற்பதாவது குவியல் கரைந்து காலடியில் ஓடியபோதும் அவர்கள் மரியாதை குறையவே இல்லை.