ஒன்றாம் எண்ணுக்குப் போட்ட துண்டு

கோலாகலபுரியில் ராஜாவும் உண்டு, டிவியும் உண்டு. அதெப்படி என்று கேட்கிறவர்கள் போய் வேறு கதை படிக்கலாம்.

அந்த ஊரில் மாடிக்கு மாடி ஆன்டெனா. காக்கை உட்கார்ந்தால் படம் ஆடும். காக்கை பறந்தால் படமே போய்விடும். அலுத்துப்போன மகாராஜா கந்தர்வசேனர் ஒருநாள் ஆணையிட்டார்.

"இனி எல்லாம் டிஜிட்டல். ஆன்டெனாவைக் கழற்றுங்கள், வீட்டுக்கொரு பெட்டி கொடுங்கள். நாட்டிலுள்ள எட்டு டிவி நிலையங்களும் ஒன்று முதல் எட்டு வரை ஆளுக்கொரு சேனல் எண்ணை எடுத்துக்கொள்ளட்டும்."

சொல்வது சுலபம். எட்டுப் பேருக்கும் ஒன்றாம் எண்தான் வேண்டும். பெட்டியைப் போட்டதும் முதலில் வருவது அதுதானே! எட்டு என்றாலோ சனியின் எண்ணாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம்.

"காலையில் ஜனங்கள் சாமி முகத்தில் விழிக்க வேண்டாமா?" என்றார் பக்தி டிவிக்காரர்.

"சாமியும் பட்டினியாகவா இருக்கும்? முதலில் இட்லி!" என்றாள் சமையல் டிவி பங்கஜவல்லி.

"ஊரே பற்றி எரிகிறது, உங்களுக்கு இட்லியா?" என்று செய்தி டிவிக்காரர் கத்தினார். எந்த ஊரும் எரியவில்லை. அவர் பேச்சே அப்படி.

மந்திரி விடங்கர் இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவருடைய மச்சினன் அப்பாசாமிக்கும் ஒரு டிவி இருந்தது. அவனுக்கு ஒன்றாம் எண்ணும் கிடைக்க வேண்டும், சபையில் தம் வாயை அடைக்கிற ஆலோசகி அஞ்சுகமும் ஒழிய வேண்டும். மந்திரி ராஜாவின் காதோரம் குனிந்தார்.

"இதை நம் அஞ்சுகத்திடம் விட்டுவிடலாமே, மகாராஜா. கெட்டிக்காரி என்று ஊரே மெச்சுகிறதே!"

"நல்ல யோசனை. அஞ்சுகம்! அவரவர் எண்ணை அவரவரே எடுக்க வேண்டும். நீ வற்புறுத்தக் கூடாது. நாளை அஸ்தமனத்துக்கு நான் வந்து கேட்பேன். ஒரே ஒருவர் புகார் சொன்னாலும் நீ முதலைத்தீவுக்கு மூட்டை கட்டு."

முதலைத்தீவில் முதலையைத் தவிர வேறெதுவும் கிடையாது. அஞ்சுகம் கைகூப்பினாள்.

"ஆகட்டும், மகாராஜா. நாளை சபையில் எட்டு நாற்காலிகளை எண் எழுதி வரிசையாகப் போடச் சொல்லுங்கள். யார் எதற்குத் துண்டு போடுகிறாரோ, அது அவர் எண்."

கோலாகலபுரியில் அது பெரிய வழக்கம். பஸ்ஸோ பந்தியோ, துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால் ராஜாவே வந்தாலும் அசைக்க முடியாது. போட்டவரும் மனசு மாறி எடுக்க முடியாது. போட்டது போட்டதுதான். கல்யாணம் மாதிரி.

சபைச் சாவி இருந்தது மந்திரியிடம். மறுநாள் மாலை கதவு திறந்தபோது, ஒன்றாம் நாற்காலியில் அப்பாசாமியின் ஜரிகைத் துண்டு ஜம்மென்று கிடந்தது.

"அநியாயம்!" என்று ஏழு பேரும் குதித்தார்கள். "மகாராஜா வரட்டும், ஒன்றுக்கு ஏழாகச் சொல்கிறோம்!"

"வழக்கம் வழக்கம்தான்" என்றார் மந்திரி, மீசையைத் தடவியபடி.

ராஜா வந்து அமர்ந்ததுதான் தாமதம், ஏழு வாயும் திறந்தன. அஞ்சுகம் முந்திக்கொண்டாள்.

"மந்திரி சொல்வதே நியாயம். துண்டு போட்டாயிற்று, இனி மாற்றமில்லை. மகாராஜா, எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பெட்டியைப் போட்டதும் ஜனங்கள் முதலில் கேட்க வேண்டியது உங்கள் குரல் அல்லவா? தினமும் விடியற்காலையில் பாடிப் பழகுகிறீர்களே, அதை ஒன்றாம் எண்ணில் அப்படியே ஒளிபரப்பினால் என்ன?"

திறந்த வாய்கள் திறந்தபடியே நின்றன. ராஜாவின் பாட்டு, ஓடுகிற மிக்ஸியில் கரண்டி விழுந்த மாதிரி இருக்கும். பட்டத்து யானை இரண்டு தடவை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

ராஜாவோ உருகிப்போனார். "மூன்று மணி நேரம் பாடுவேனே, பரவாயில்லையா?"

"பாடுங்கள். நடுவில் விளம்பரம் மட்டும் கூடாது. ராகம் கலைந்துவிடும்."

"கூடவே கூடாது!"

அவ்வளவுதான். ஆறு துண்டுகள் ஆகாயத்தில் பறந்தன. ஒன்றிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று எட்டாம் நாற்காலிக்கு அடிதடி. "சனீஸ்வரன் எங்கள் குலதெய்வமய்யா!" என்று கூவிக்கொண்டே பக்தி டிவிக்காரர் அதைப் பிடித்தார். பங்கஜவல்லி துண்டு கொண்டுவரவில்லை, முந்தானையை ஏழில் முடிந்துவிட்டாள். தாமதமாக ஓடிய செய்தி டிவிக்காரருக்கு இரண்டுதான் கிடைத்தது. "ஒன்று இல்லையே, அது போதும்" என்று பெருமூச்சு விட்டார்.

அப்பாசாமி ஜரிகைத் துண்டின் நுனியை மெல்ல இழுத்தான்.

"என்ன தம்பி?" என்றாள் அஞ்சுகம்.

"இல்லைக்கா... துவைக்கப் போடணும்..."

"வேறு துண்டைத் துவையுங்கள். போட்டது போட்டதுதான். வேண்டுமானால் உங்கள் அத்தானைக் கேளுங்கள்."

அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஸ்தமனம் ஆயிற்று. ராஜா எழுந்து நின்றார்.

"யாருக்காவது புகார் உண்டா?"

"இல்லவே இல்லை!" ஏழு குரல்களும் ஒன்றாக வந்தன.

ஒன்றாம் நாற்காலியிலிருந்து மட்டும் ஒரு விசும்பல் கேட்டது. சபை திரும்பிப் பார்த்தது.

"விடங்கரே, உங்கள் மச்சினன் ஏன் அழுகிறான்? குறை ஏதாவது உண்டா?"

மந்திரி அஞ்சுகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், நாளைக்கே அவளுக்குப் படகு தயார். வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் குறையைச் சொல்வதென்றால், உங்கள் பாட்டைக் கேட்க முடியாது என்று ராஜாவின் முகத்துக்கு நேரே அல்லவா சொல்ல வேண்டும்?

"குறையா? ஆனந்தக் கண்ணீர், மகாராஜா!"

ராஜா கடகடவென்று சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அஞ்சுகத்திடம் கொடுத்தார். அப்பாசாமியின் அருகே போய், தம் பட்டு அங்கவஸ்திரத்தாலேயே அவன் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழாதேயப்பா. உனக்காகச் சாயங்காலமும் பாடுகிறேன்."