பூவாத்தூர் நகர வாரமும் பொருளாளர் காலமானதும்

பூவாத்தூருக்கு மாநகராட்சி என்று பெயர்ப்பலகை மாட்டி நாலைந்து வருஷம் ஆகிறது. பலகை பெரிசு. அதற்குக் கீழே நடமாடுகிற மூளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், கரண்ட்டுக்குப் பஞ்சம் வரும், விழாக் கமிட்டிக்கு மட்டும் பஞ்சம் வந்ததே கிடையாது. அந்தக் கமிட்டிகளுக்குள் எல்லாம் மகாக் கமிட்டி ஒன்று உண்டு. அதுதான் நகர வார விழாக் கமிட்டி.

தை மாதம் குடியரசு தினத்தன்று ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஊரை ஒரு வழி பண்ணுவது இவர்கள் வேலை. தலைவர் தெய்வசிகாமணி பந்தல் கடைக்காரர். நாற்காலி எல்லாம் அவருடையது என்பதால் அவர் தலைவர். செயலாளர் குணசீலன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவர். பேண்டு செட்டு மரியசூசை உறுப்பினர். நாலாவது ஆள்தான் நம்ம விருத்தகிரி. மணிக்கூண்டு பக்கத்தில் குடை ரிப்பேர் கடை. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நினைக்கிற பழக்கமே அவ்வளவாக இல்லாதவர்.

விருத்தகிரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மேடை ஏறி மைக் பிடித்துப் பேச வேண்டும். கமிட்டியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மைக்கில் சொன்னது "ஹலோ ஹலோ" மட்டும்தான். மூன்றாவது ஹலோவுக்கு மைக் செட்டுக்காரன் பிடுங்கிக்கொள்வான். ஆனால் அந்தக் கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நிறைவு நாளில் நன்றியுரை பேசுவது பொருளாளரின் உரிமை. போன வருஷம் பொருளாளராக இருந்த சாமியப்பன் விழாவுக்கு நடுவிலேயே காலமாகிவிட, விழா முடிந்ததும் அந்தப் பதவி விருத்தகிரிக்கு வந்தது. அன்றைக்கே அவர் நன்றியுரையைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார். கடையில் இருக்கிற குடைகளை எல்லாம் விரித்து வரிசையாக வைத்து, அவற்றுக்கு முன்னால் நின்று ஒரு வருஷமாகப் பேசிப் பார்த்தார். குடைகள் இருமுவதில்லை, பாதியில் எழுந்து போவதும் இல்லை. பூவாத்தூரில் அதைவிட நல்ல சபை அவருக்குக் கிடைத்திருக்காது.

இந்த வருஷம் மாநகராட்சிக்குப் புது ஆணையர் வந்திருந்தார். வேலை தலைக்கு மேல் இருந்த அந்த அம்மாள் தெய்வசிகாமணியிடம் போனில் பேசினார். போன வருஷம் விழாவைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"போன வருஷம் எப்படி நடந்ததோ அப்படியே நடத்திடுங்க சார். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நான் ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூளை உள்ளவனுக்கு இது ஒரு சாதாரணப் பேச்சு. தெய்வசிகாமணிக்கு இது அரசாங்க உத்தரவு. உடனே கமிட்டியைக் கூட்டினார். போன வருஷம் என்னென்ன நடந்தது என்று நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்கள். கண்ணை மூடினால் ஞாபகம் வரும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மரியசூசைக்குத் தூக்கம் வந்தது.

போன வருஷம் குடியரசு தினத்தன்று சமாதானப் புறா பறக்கவிட்டார்கள். அதில் ஒன்று பறக்காமல், சிறப்பு விருந்தினராக வந்த ரைஸ்மில் முதலாளியின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரே சிரித்தது. இந்த வருஷம் வாங்கி வந்த புறாக்கள் நல்ல ஜாதி. கூடையைத் திறந்ததும் எல்லாம் ஜிவ்வென்று போய்விட்டன. தெய்வசிகாமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. குணசீலன் ஓடிப்போய்க் கறிக்கடையிலிருந்து ஒரு பிராய்லர் கோழியைத் தூக்கிவந்து, அதே ரைஸ்மில் முதலாளியின் தலையில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தேசிய கீதம் முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. அந்த மனுஷனும் அசையாமல்தான் நின்றார். தேசிய கீதத்துக்கு மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

போன வருஷம் மினி மாரத்தான் நடந்தபோது, தை மாதத்தில் பெய்யக்கூடாத மழை பெய்து தொலைத்தது. இந்த வருஷம் வெயில் பளீரென்று அடித்தது. ஓடுகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள், கமிட்டி சந்தோஷப்படவில்லை. ஒரு தண்ணீர் லாரியைப் பிடித்து, ஓடுகிற பிள்ளைகள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்ப் பீய்ச்சி அடித்தார்கள். லாரிக்குப் பயந்து பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில், எல்லைக் கோட்டைத் தாண்டி அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார்கள். தெருவில் வடகம் காயப்போட்டிருந்த பொம்பளைகள் கமிட்டிக்குக் கொடுத்த வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

ஊர்த் தியாகியின் சிலை போன வருஷம் ரிப்பேரில் இருந்தது. அதனால் சாக்குத்துணி சுற்றியிருந்த சிலைக்கே மாலை போட்டார்கள். இந்த வருஷம் சிலை புதுசாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. மாலை போட வந்தவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, நாலு பேரும் ஏணி போட்டு ஏறித் தியாகிக்குத் தலையோடு காலாகச் சாக்கைச் சுற்றினார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. தியாகி இன்றைக்கும் சாக்கோடுதான் நிற்கிறார். பிய்த்தால் மூக்கும் கூடவே வருகிறதாம்.

இப்படி எல்லாம் பிசகாமல் நடந்து வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் கமிட்டி கூடியது. குணசீலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன வருஷம் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டார். போன வருஷம் வெள்ளிக்கிழமை விடிகாலையில்தான் சாமியப்பன் காலமானார். அன்று சாயங்காலம் டவுன்ஹாலில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குத்தான் அந்த வாரத்திலேயே அதிகக் கூட்டம்.

"பொருளாளர் போயிட்டார், கூட்டம் நடந்துச்சு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்னு மேடம் தெளிவாச் சொல்லியிருக்காங்க" என்றார் தெய்வசிகாமணி.

எல்லாரும் இந்த வருஷத்துப் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். விருத்தகிரியும் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

மரியசூசைக்கு ஒரு சந்தேகம். "சாமியப்பன் நிஜமாவேல்ல செத்தாரு?"

இதுதான் அந்தக் கமிட்டியின் சரித்திரத்திலேயே பெரிய விவாதம். நிஜமாகச் செத்தால்தான் போன வருஷம் மாதிரி ஆகும் என்றார் குணசீலன். அவருக்கு விருத்தகிரி மேல் ஒரு கோபமும் கிடையாது, ஒழுங்கு முக்கியம், அவ்வளவுதான். மரியசூசை தன் பேண்டு செட்டு எந்த விதத்திலும் தயார் என்றார். விருத்தகிரி இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டு இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷனின் உயிர் அங்கே ஊசலாடியது, அந்த மனுஷனே டீ ஆறுகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் தெய்வசிகாமணி தீர்ப்புச் சொன்னார். "மாரத்தானுக்கு நிஜ மழையா விட்டோம்? லாரித் தண்ணிதானே? அது செல்லும்னா இதுவும் செல்லும். இவரு செத்ததா வச்சுக்குவோம். மூச்சு விடறது அவரு சொந்த விஷயம், கமிட்டி அதுல தலையிடாது."

இப்படித்தான் ஒரு தண்ணீர் லாரியால் விருத்தகிரி உயிர் பிழைத்தார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. செத்தவன் ஞாயிற்றுக்கிழமை எப்படி நன்றியுரை பேசுவான்? உயிர் போகிறபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

வீட்டில் அவர் மனைவி பவுனாம்பாள் விஷயத்தைக் கேட்டாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. முட்டாளோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள், அவ்வளவுதான்.

"போன வருஷம் சாமியப்பன் சம்சாரத்துக்குத் தையல் மெஷின் குடுத்தாங்களே, எனக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

உண்டு என்றார் அவர்.

"அப்போ சரி. ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றதா இருந்தா மட்டும் சொல்லிடுங்க. செத்தவருக்கெல்லாம் நான் தோசை சுட்டு வைக்க முடியாது."

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு டவுன்ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் விருத்தகிரியின் படம், மாலை, ஊதுபத்தி. விருத்தகிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இறந்தவருக்கு முன்வரிசை கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று தெய்வசிகாமணியே நாற்காலி போட்டிருந்தார். ஊரும் லேசுப்பட்டதில்லை. படத்துக்குப் பூப் போட்டவர்கள் கீழே இறங்கி விருத்தகிரியின் கையைப் பிடித்து, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒருத்தர், தன்னுடைய குடை அவரிடம் ரிப்பேருக்குக் கிடக்கிறது, மனுஷன் இப்படிப் போய்விட்டாரே, இனிமேல் யாரைக் கேட்பது என்று விருத்தகிரியிடமே புலம்பினார். விருத்தகிரி மேலே கையைக் காட்டினார்.

குணசீலன் பேசும்போது, விருத்தகிரி புகழுக்கு ஆசைப்படாதவர், ஒரு நாளும் மைக்கைத் தேடிப் போகாதவர் என்றார். விருத்தகிரி எழுந்து மறுத்துச் சொல்லலாம் என்று பார்த்தார். போன வருஷம் சாமியப்பன் எழுந்திருக்கவில்லை என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டார். பவுனாம்பாளுக்கு மெஷின் கொடுத்தார்கள். அவள் பெடல் சரியாக மிதிபடுகிறதா என்று மேடையிலேயே மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

சனிக்கிழமை கடை திறக்கவில்லை. செத்தவன் கடை திறந்தால் நன்றாக இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே குடைகளுக்கு முன்னால் ஒரு தடவை நன்றியுரையைப் பேசிப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார். இனிமேல் அதைப் பேசி யாருக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டிக்கு இன்னொரு சிக்கல். போன வருஷம் சாமியப்பனுக்குப் பதிலாக, அவருக்கு மிகவும் வேண்டியவர் என்று குணசீலன் நன்றியுரை பேசினார். அப்படியானால் இந்த வருஷம் விருத்தகிரிக்கு மிகவும் வேண்டியவர்தானே பேச வேண்டும்? குணசீலன் கை விரித்துவிட்டார், பழக்கம் உண்டு, ஆனால் அவ்வளவு நெருக்கம் என்று பொய் சொல்ல முடியாது என்றார். மரியசூசைக்கும் விருத்தகிரிக்கும் ஒரு குடைக் கைப்பிடி விஷயமாகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த காலம் உண்டு. மூன்று பேரும் திகைத்து நின்றபோது, மூலையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. விருத்தகிரிக்கு ரொம்ப வேண்டியவன்னா, அது நான்தான். சின்ன வயசுலேருந்து கூடவே இருக்கேன்."

மூன்று பேரும் யோசித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

சாயங்காலம் ஆணையர் வந்தார். நன்றியுரை நேரம் வந்தபோது தெய்வசிகாமணி எழுந்து, பேச வேண்டிய பொருளாளர் விருத்தகிரி வெள்ளிக்கிழமை நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார் என்று அறிவித்தார். ஆணையருக்குப் பாவமாகிவிட்டது. எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கலாம் என்றார். சபை எழுந்தது. முன்வரிசையில் விருத்தகிரி எல்லாரையும்விடத் தலையை அதிகமாகக் குனிந்து நின்றார். பிறகு, அவரோடு நெருங்கிப் பழகியவர் பேசுவார் என்று தெய்வசிகாமணி சொல்ல, விருத்தகிரி மேடை ஏறினார்.

மைக் கையில் இருந்தது. பிடுங்க யாரும் வரவில்லை. எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷப் பேச்சு நுனி நாக்கில் நின்றது. குரல் கணீரென்று வந்தது.

"அனைவருக்கும் வணக்கம். இந்த உரையை விருத்தகிரி ஒரு வருஷமாத் தயார் பண்ணினார். மேடைக்கு வழியில்லாம, குடைங்களுக்கு முன்னால நின்னு பேசிப் பேசிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை, இந்த மைக்ல, முழுசாப் பேசிடணும்னு..."

அதற்கு மேல் முடியவில்லை. "பாவி மனுஷன், கொடுத்து வைக்கலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சபையிலும் பாதிப் பேர் அழுதார்கள். ஆணையர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். விருத்தகிரி துண்டை இன்னும் அழுத்திக்கொண்டார்.

தெய்வசிகாமணி மெதுவாக அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு ஆணையர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கணும் மேடம். இவருக்கு மேடைப் பழக்கம் கிடையாது. விருத்தகிரி மட்டும் இன்னைக்கு இருந்திருந்தா முழுசாப் பேசி முடிச்சிருப்பாரு."

ஆமாம் என்று முதலில் தலையாட்டியது விருத்தகிரிதான்.