எலிக் குவியலின் மேல் மூன்று குஞ்சுகள்

ஏரிக்கரை இலுப்பை மரப் பொந்தில் கூரன் என்ற ஆந்தையும் அதன் துணை மஞ்சாடியும் மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தன. எலி பிடிப்பது கூரனின் வேலை. கிழித்து ஊட்டுவது மஞ்சாடியின் வேலை. வாசலில் எலியைக் கொடுத்துவிட்டுக் கூரன் பறந்துவிடும். குஞ்சு பொரித்த பிறகு அது உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்தியில் மஞ்சாடி வாசலுக்கு வரவில்லை.

"மஞ்சாடி!"

கூரன் எலியைப் பொந்துக்குள் தள்ளிவிட்டுத் தேடிப் போனது. கரைச் சேற்றில் மரநாயின் காலடி பதிந்திருந்தது. தண்ணீரில் மஞ்சாடியின் இறகுகள் மிதந்தன. காற்றே இல்லை. ஆனாலும் அவை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

கூரன் வெறி பிடித்ததுபோல் வேட்டையாடியது. பிடித்ததையெல்லாம் பொந்துக்குள் தள்ளியது. ஆனால் உள்ளிருந்து வந்த கீச்சொலி நாளுக்கு நாள் மெலிந்தது. மூன்றாம் நாள் வாசலில் ஈ மொய்த்தது. நாற்றம் வீசியது.

செம்பி என்ற பெண் ஆந்தை எதிர்க்கிளையில் வந்து அமர்ந்தது.

"உன் வீட்டுக்குள்ள சாவு புகுந்திருக்கு, கூரா! தாயில்லாக் குஞ்சு தங்காது. என்னோட வா. வேற குஞ்சு பொரிச்சுக்கலாம்!"

"இத்தனை இரை போடறேனே! ஏன் சாகணும்?"

கூரன் உள்ளே நுழைந்தது.

போட்ட எலிகள் போட்டபடியே கிடந்தன. குவியலின் மேல் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து தள்ளாடின. கடைக்குட்டி கண் திறந்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கூரன் தொட்டுப் பார்த்தது. சில்லென்றிருந்தது.

"ஐயோ! ஏன் திங்கலை?"

"முழுசா எப்படி முழுங்கறது, அப்பா? அம்மா கிழிச்சுத் தருவாளே!" என்றது மூத்தது.

கூரன் அன்று புதிதாய்க் கொண்டுவந்த எலியைக் கிழித்து ஊட்டியது. துண்டு பெரிது, குஞ்சு துப்பிவிட்டது. இன்னும் சிறிதாகக் கிழித்தது. இந்த முறை இறங்கிவிட்டது!

"வர்றியா, இல்லையா?" என்று வெளியே செம்பியின் குரல்.

"வரலை! பிள்ளைங்க சாப்பிடுது!"

அந்த மழைக்காலத்தில் இரண்டு குஞ்சுகள் இலுப்பை மரத்திலிருந்து பறந்து போயின.

பிள்ளைக்கு இரையைக் கொண்டுவந்து குவித்தால் மட்டும் போதாது, அதன் வாய்க்கு ஏற்றபடி ஊட்டவும் வேண்டும்.