சுனையின் காலில் ஒரு கொடி

குழந்தைகளே, எப்போதும் பனிமூட்டம் தவழும் ஒரு மலைக்காட்டில், அருவிக்கரைப் பொந்து ஒன்றில், ஒரு பூங்குருவி தன் குஞ்சோடு வாழ்ந்து வந்தது. குஞ்சின் பெயர் சுனை. அது சீழ்க்கையடித்துப் பாடினால், மெல்ல நகரும் பனிகூடச் சற்று நின்று கேட்பதுபோல் இருக்கும்.

ஒரு நாள் தாய் இரை தேடப் போயிருந்த வேளையில் நரி அங்கே வந்தது.

"சுனை, உன் பாட்டை இந்த அருவி இரைச்சல் விழுங்கிவிடுகிறதே. மலைக்கு அந்தப் பக்கம் என் பாறை இருக்கிறது. அங்கே வந்து பாடு. நாள்தோறும் அத்திப்பழம் தருகிறேன்" என்றது.

"அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்."

"அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வா."

சுனை நம்பிப் போயிற்று. நரி தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாய் அருவிக்கரை முழுதும் குஞ்சைத் தேடி அலைந்தது.

பாறையில் முதல் நாள் நான்கு பழம் கிடைத்தது. மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் நரி ஒரு மெல்லிய கொடியால் சுனையின் காலைப் பாறையோடு கட்டிவிட்டது.

"நான் வீட்டுக்குப் போகவேண்டும்" என்றது சுனை.

"போனால், பழத்துக்கு ஆசைப்பட்டு நீயாகவே ஓடிவந்தாய் என்று காடெல்லாம் சொல்லுவேன். உன் அம்மா உன்னைக் கூட்டில் சேர்க்கவே மாட்டாள்."

சுனை பயந்துபோய் மறுபடியும் பாடத் தொடங்கியது.

பாட்டைக் கேட்க மலைக்கு அந்தப் பக்கத்து விலங்குகள் திரண்டன. கரடி தேனடை கொண்டுவந்தது. குரங்குகள் பலாச்சுளை கொண்டுவந்தன. எல்லாவற்றையும் நரியே வாங்கித் தின்றது. வெண்பனியில் பாட்டு மிதந்து வரும்; விலங்குகள் கண்ணை மூடிக்கொண்டு, மேகத்தில் படுத்திருப்பதுபோல் சொக்கிக் கிடக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சருகுமான் இருந்தது. மான்களிலேயே மிகச் சிறியது; பயந்த சுபாவம். பக்கத்தில் நரி இருக்கும்போது அது எப்படிக் கண்ணை மூடும்? பார்த்துக்கொண்டே இருந்தது. பாட்டு நடுவில் உடைவதைக் கேட்டது. பனி விலகிய ஒரு நொடியில் கொடியையும் கண்டுவிட்டது.

அதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்னே வந்தது.

"நரியாரே, குஞ்சின் காலில் என்ன கொடி?"

"பாறை வழுக்கும். விழுந்துவிடாமல் இருக்கக் கட்டினேன்."

"சிறகு இருக்கிற பறவை வழுக்கி விழுமா?"

விலங்குகள் கண் விழித்தன. நரி பல்லைக் காட்டிச் சிரித்தது.

"இது தானாகவே வந்தது. பழத்துக்காக வந்தது. வேண்டுமானால் அதையே கேளுங்கள்."

எல்லாரும் சுனையைப் பார்த்தார்கள். சுனை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"அதை எதற்குக் கேட்கவேண்டும்?" என்றது சருகுமான். "பழம் என்றால் எந்தக் குழந்தைக்கும் ஆசைதான். பழத்தைக் காட்டி அழைத்துவந்தது யார்? காலைக் கட்டியது யார்? அதைச் சொல்லும்."

நரி மெல்லப் பின்னால் நகர்ந்தது. கரடி எழுந்து கொடியைக் கடித்து அறுத்தது. பிறகு நரியை மலையடிவாரத்து ஆற்றுக்கு அப்பால் துரத்திவிட்டு வந்தது.

"நாமும் தேனும் பழமும் கொடுத்துத்தான் அந்த நரியின் ஏமாற்றை வளர்த்துவிட்டோம்" என்று கரடி வெட்கத்தோடு முணுமுணுத்தது.

சுனைக்குப் பறக்கத் தெம்பில்லை. கரடி அதை முதுகில் ஏற்றிக்கொண்டது. சருகுமான் கூடவே நடந்தது. பனிக்குள் மூவரும் மெதுவாக மலையைக் கடந்து போனார்கள்.

"அம்மா என்னைச் சேர்த்துக்கொள்வாளா?" என்று சுனை வழியெல்லாம் கேட்டது.

"கூடவே நானும் வருகிறேன்" என்றது சருகுமான்.

அருவிக்கரையில் தாய்ப்பறவை பறந்துவந்து குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. ஏன் போனாய் என்று அது கேட்கவில்லை. "கால் வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டது. அப்போதுதான் சுனை அழுதது.

அழுது ஓய்ந்தபின், "அம்மா, இனியும் நான் பாடவேண்டுமா?" என்று கேட்டது.

"உனக்குத் தோன்றினால் பாடு. இல்லாவிட்டால் விளையாடு."

மறுநாள் சுனை மற்றக் குஞ்சுகளோடு அருவிச் சாரலில் நாள் முழுதும் நனைந்து விளையாடியது. பாடவில்லை. யாரும் பாடச் சொல்லவும் இல்லை.

நீதி: குழந்தையை ஏமாற்றிப் பிழைப்பவனையே தண்டிக்க வேண்டும், ஏமாந்த குழந்தையைக் குறை சொல்லாமல் அணைத்துக்கொள்ள வேண்டும்.