சருகுமானின் கால்கள்

“இதோட நாலாவது படம். இதுலயும் என்ன குறை?” என்று கேட்டார் ஓவியர் இளம்பரிதி.

கேத்தன் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக வைத்துப் பார்த்தார்.

“படம் நல்லாருக்கு. சருகுமான்தான் இல்ல.”

இளம்பரிதிக்குச் சுருக்கென்றது. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடத் தொடங்கி இருபத்தைந்து வருடங்கள் ஆகின்றன. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம், அதுவும் பென்சிலே பிடிக்காதவரிடம், மூன்று நாளாகக் குட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. கதை கருங்கொம்பு மலைக்காரர்களுடையது. அதைச் சொன்ன கேத்தன் சரி என்றால்தான் புத்தகம் அச்சுக்குப் போகும் என்று பதிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கதை சின்னதுதான். காட்டில் தீ. புகையில் கண் தெரியாமல் யானையும் புலியும் கரடியும் முட்டி மோதுகின்றன. முயல் அளவே இருக்கும் சருகுமான் ஆற்றங்கரையில் நிற்கிறது. அக்கரைக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அதன் காலடியில் சருகு சலசலக்கிறது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே எல்லா மிருகங்களும் ஆற்றுக்கு வந்து சேர்கின்றன.

இளம்பரிதியின் சருகுமான் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கண்ணில் பொறி பறந்தது.

“தைரியசாலி பின்ன எப்படித்தான் நிக்கும்? நீங்களே சொல்லுங்க.”

கேத்தன் எழுந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த கொடிக்கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“வா, தேனெடுக்கணும். நீதான் கயிறு காக்கணும்.”

“நானா?”

அந்த மலை வழக்கம் இளம்பரிதிக்குத் தெரியும். தேனெடுப்பவன் பாறையில் தொங்கும்போது மேலே கயிறு காப்பது அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவளின் வாழ்க்கை அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் அவன் கையை விடமாட்டான்.

“நஞ்சியோட தம்பி காய்ச்சல்ல கெடக்கான்,” என்றார் கேத்தன். நஞ்சி அவர் மனைவி.

“அதுக்கு? நான் உங்க மச்சான் இல்லையே!”

“வந்த அன்னைக்கு எம் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லித் தண்ணி கேட்டே?”

‘தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா’ என்றுதான் கேட்டிருந்தார். ஊரில் பூக்காரியையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நஞ்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பாத்துக்கண்ணே,” என்றாள். அவ்வளவுதான்.

இளம்பரிதி படங்கள் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

தேன்பாறையின் உச்சியில் ஒரு மரத்தில் கேத்தன் கயிற்றைக் கட்டினார்.

“விளிம்புல உரசுனா அறுந்துடும். நகராம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க. நான் வர்ற வரைக்கும் எடுக்காதே.”

இறங்கினார். தலை மறைந்தது.

கொஞ்ச நேரத்தில், அவர் மூட்டிய புகை மேலே வந்தது. புகையோடு தேனீக்களும் வந்தன.

ஒன்று காதில் கொட்டியது. இன்னொன்று கண்ணிமையில். இளம்பரிதி அலறினார். பத்தடி தள்ளி அடர்ந்த புதர் இருந்தது. ஓடிப்போய் உள்ளே புகுந்துகொள்ளலாம். முழங்கால் வெடவெடத்தது. கை உதறியது. நஞ்சி ‘அண்ணே’ என்றது நினைவுக்கு வந்தது.

“கேத்தா! சீக்கிரம் வாய்யா!” என்று வாய்விட்டு அழுதார்.

கேத்தன் தேனோடு மேலே வந்தபோது ஓவியரின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“மன்னிச்சுக்குங்க,” என்றார் இளம்பரிதி. வெட்கமாக இருந்தது. “ரொம்பப் பயந்துட்டேன். நான் அழுதது உங்களுக்குக் கேட்டிருக்கும்.”

“கேக்கல. கீழ ஒரே தேனீ இரைச்சல்.”

கேத்தன் அவர் முகத்திலிருந்து கொடுக்குகளை எடுக்க ஆரம்பித்தார்.

“கயிறு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. மச்சான் மேலதான் இருக்கான்னு தெரிஞ்சுது.”



ஏதோ சத்தம் கேட்டு இளம்பரிதி குனிந்து பார்த்தார். அவர் கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. காலடியில் சருகு சலசலத்தது.

வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பையைத் திறந்தார். நெஞ்சை நிமிர்த்திய சருகுமானை எடுத்து நான்காகக் கிழித்தார். வெள்ளைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தார். கோடு கோணிக்கொண்டு போனது. கை நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தார்.

“எதுக்குக் காத்திருக்கே?” என்றார் கேத்தன்.